வலப்பக்கச் சாய்வு

பார் தோளில் ஏறிவிட்டது, ஸ்டாண்டை விட்டு இரண்டு எட்டு பின்னால் வந்து நின்றாயிற்று, பக்கத்துக்கு முப்பத்தைந்து கிலோ பிளேட், பார் இருபது, ஆகத் தொண்ணூறு, ஐந்து முறை உட்கார்ந்து எழ வேண்டும், யார் கையும் படக் கூடாது. ஐந்தும் வந்துவிட்டால் சாயங்காலம் மகன் தனசேகருக்குப் போன் செய்து வீட்டு உதவிக்கு அந்தப் பெண் வேண்டாம், வரச் சொல்லாதே என்று சொல்லிவிடலாம். வராவிட்டால், வராவிட்டால் என்பதை மேலே நிற்கும்போது நினைக்கக் கூடாது, நினைத்தால் முட்டிக்குக் கேட்டுவிடும். பின்னால் ஜோதிலிங்கம் நிற்கிறான், திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, அவன் சட்டையில் ஆட்டோ ஸீட்டின் ரெக்ஸின் வாசனை எப்போதும் இருக்கும், முதல் சவாரிக்கு முன்னால் எனக்காக வந்து நிற்கிறான். என் அக்குளுக்குக் கீழே இரண்டு கையையும் நீட்டி வைத்திருப்பான், தொடமாட்டான். இந்த ஜிம்மில் அது ஒரு கட்டுப்பாடு. பின்னால் நிற்பவன் கூடவே உட்கார்ந்து கூடவே எழலாம், ஆனால் தூக்குகிறவன் வாயால் ‘பிடி’ என்று சொல்லாமல் விரல் படக் கூடாது, பட்டால் அந்தத் தடவை எண்ணிக்கையில் சேராது. எத்தனையோ பேர் பிடி என்று சொல்லியிருக்கிறார்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை, சொன்னவர்களை நானே தூக்கி விட்டிருக்கிறேன். நான் சொன்னதில்லை. ரயில்வே வொர்க்‌ஷாப்பில் சேர்ந்த வருஷம் பஸ்கி எடுக்க ஆரம்பித்தது, இப்போது பையன்கள் ஸ்குவாட் என்கிறார்கள், பெயர் எதுவானாலும் கீழே போவதும் மேலே வருவதும்தான், இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. கூச்சம்தான் காரணம் என்று என் மனைவி வேதவல்லி சொல்லுவாள், ஹோட்டலில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கக் கூச்சப்படுகிற மனுஷர் என்பாள். மூச்சை வயிற்றுக்குள் இழு, பெல்ட்டை வயிறு முட்டட்டும், பாதம் மூன்று இடத்தில் தரையைப் பிடிக்கட்டும், பெருவிரல், சுண்டுவிரல், குதிகால், போகலாம், இடுப்பு பின்னால், முட்டி வெளியே, கீழே, கீழே, தொடை தரைக்குச் சமமாக வரும் வரைக்கும் சரியாகத்தான் இருக்கிறது, அதற்கும் ஒரு சாண் கீழே போகும்போதுதான் அது வருகிறது, இடுப்பு தன்னால் வலது பக்கம் நகர்கிறது, யாரோ பக்கத்தில் உட்கார இடம் கேட்டதுபோல, நான் சொல்லாமலே நகர்கிறது, எழுந்தாயிற்று, கோணலாக எழுந்தாயிற்று. ஒண்ணு என்கிறான் ஜோதி. வலது பக்கம் போற நைனா.

தெரியும். எனக்குத் தெரியாதா. போன வாரம் ரியாஸ், அந்த மொபைல் கடைப் பையன், பின்னாலிருந்து போனில் படம் பிடித்துக் காட்டினான். காதில் வெள்ளை மயிர் நீட்டிக்கொண்டு, பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டு, ஒரு கிழவன் உட்கார்ந்து எழுகிறான், யார் இது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், வெட்கமாக இருந்தது. கணுக்கால் இறுக்கம் நைனா, குதிகாலுக்கு அடியில் ஏதாவது வை என்றான் ரியாஸ். பலகைத் துண்டு வெட்டிக்கொண்டு வந்தேன், இரண்டு துண்டும் ஒரே கனமாக இருக்கிறதா என்று அடுக்கிப் பார்த்து இழைத்தேன், வைத்தேன், அப்படியும் சாய்ந்தது. பார் நடுவில் உட்காரவில்லை என்றான் ஜோதி, பாரின் நடுவில் சிவப்பு நூல் கட்டி, பனியனுக்குப் பின்னால் சாக்பீஸில் கோடு போட்டு, இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்தோம், பொருந்தியது, சாய்ந்தது. முட்டி உள்ளே மடங்குகிறது, அதனால்தான் என்றார் ஜிம் ஓனர், ரப்பர் பட்டையை முட்டிக்கு மேல் கட்டிவிட்டார், முட்டி வெளியே நின்றது, இடுப்பு மட்டும் வலது பக்கம் போனது. இறங்கும்போது கண்ணாடியைப் பார்க்காதே, எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியைப் பார் என்றார்கள். பார்த்தேன். எடையைக் குறை, நூறில் ஆரம்பித்துத் தொண்ணூறுக்கு வந்ததுகூட அதற்காகத்தான். நாற்பதில் நேராகப் போகிறது, ஐம்பதில் நேராகப் போகிறது, ஐம்பத்தைந்தைத் தாண்டினால் நகர்கிறது. அது என்ன ஐம்பத்தைந்து. வேதவல்லி ஐம்பத்து நாலு இருப்பாள், ஆஸ்பத்திரியில் கடைசியாக நிறுத்துப் பார்த்தபோது இருந்தது, அவளை நிற்க வைக்க முடியாததால் என்னைத் தனியாகவும் அவளைத் தூக்கிக்கொண்டும் நிறுத்துக் கழித்தார்கள், நர்ஸ் சிரித்தாள், வேதவல்லி முகத்தை என் கழுத்துக்குள் வைத்துக்கொண்டாள். மூச்சு. இது இரண்டு. கீழே போகும்போது எங்கே திரும்புகிறது என்று கவனி, அவசரப்படாதே, இடது பாதம் தரையில் இருக்கிறது, வலது பாதமும் இருக்கிறது, இப்போது, இதோ இப்போது, வலது தொடை எதையோ வாங்கிக்கொள்ளத் தயாராகிறது, அங்கே ஏதோ விழப்போகிறது என்பதுபோல, அதற்கு அடியில் போய் நிற்க வேண்டும் என்பதுபோல. பார் இரண்டு பக்கமும் ஒரே எடை. அங்கே என்ன விழப்போகிறது. ரெண்டு. அப்பிடியே சாஞ்சு கீறே நைனா, மூச்ச வுடு.

ஞாயிற்றுக்கிழமை அவள் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை, நாற்காலியின் கைப்பிடியில் அவள் தொடை இடித்து நின்றது, நான் அதன்மேல் சாய்ந்துகொண்டு நின்றேன், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில். மூன்று வருஷமாகச் செய்கிற வேலை. அவளுக்கு வலது கையும் வலது காலும் போய்விட்டன, இடது பக்கம் இருக்கிறது. நான் அவள் எதிரே உட்காருவேன், பஸ்கியில் உட்காருவதுபோலவே, அவள் இடது கையை என் கழுத்தைச் சுற்றிப் போடுவாள், என் முட்டிகளுக்கு நடுவில் அவள் முட்டிகள், அவள் ‘ம்’ என்பாள், ‘ம்’ என்றால் இடது காலை ஊன்றுகிறாள் என்று அர்த்தம், அந்த நேரத்தில் நான் எழுவேன், ஒரு திருப்பு, நாற்காலி. பக்கவாதம் வந்த பிறகு அவளுக்குப் பேச்சு குறைந்துபோனது, வாய் கோணும் என்று யாரிடமும் பேசமாட்டாள், ஆனால் அந்த ‘ம்’ மட்டும் பழைய குரலில் வரும். பிளேட்டைப் போட்டுத் தூக்கத் தெரிந்தவனுக்கு இது ஒரு பாரமா என்று முதலில் நினைத்தேன், அப்புறம்தான் தெரிந்தது, அவள் பிளேட்டைப்போலச் சும்மா இருக்கவில்லை, கூடத் தூக்கினாள். ஞாயிற்றுக்கிழமையும் ‘ம்’ என்றாள். எழுந்தேன். வலது பக்கம் போனது. தொடையில் உள்ளங்கை அளவுக்கு நீலம். எண்ணெய் தடவும்போது என் கையைப் பிடித்து நிறுத்தி, உங்க மேல தப்பில்ல என்றாள். அவ்வளவு நீளமாக அவள் பேசி எத்தனையோ நாளாயிற்று. ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன், வயதாகிவிட்டது, அதைச் சொல்லிக் காட்டாமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். தனசேகரிடம் நான் சொல்லவில்லை, அவன் வீடியோ காலில் அம்மா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான், ஓசூரிலிருந்து கண்டுபிடித்துவிட்டான். பாக்கியமேரி என்று ஒரு அம்மாள், வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்வாளாம், எல்லாம் செய்வாளாம், நாளைக் காலையில் வரத் தயாராக இருக்கிறாளாம். எல்லாம் என்றால் எல்லாம். வேதவல்லி கூடப்பிறந்த தங்கைக்கு எதிரில்கூடக் கதவைத் தாழிடாமல் புடவை மாற்றமாட்டாள். ஆஸ்பத்திரியில் முதல் நாள் ஆயா வந்து துணியை விலக்கிப் புரட்டியபோது அழுதாள், சத்தம் வராத அழுகை, ஒரு கண்ணில் மட்டும் தண்ணீர் இறங்கியது. வீட்டுக்குப் போனால் என்னைத் தவிர யாரும் உன்னைத் தொடமாட்டார்கள் என்று சொன்னேன். சொல்லிவிட்டேன். ஜிம் கட்டுப்பாட்டை வீட்டிலும் வைத்துவிட்டேன், யார் கையும் படக் கூடாது. இருவரும் அதிலே இருந்துகொண்டிருக்கிறோம். இந்த ஐந்தை அதற்காகத்தான் வைத்தேன், ஐந்து வந்தால் என் உடம்பு இன்னும் போதும், வேதவல்லிக்கு நான் சொன்னது நிற்கும்.

பக்கத்து மாவு மில்லில் ஓட்டிவிட்டார்கள். மிளகாய். இந்த நேரத்திலா. ஜிம்முக்கும் மில்லுக்கும் ஒரே சுவர், மிளகாய் அரைத்தால் இங்கே நாலு பேர் தும்முவார்கள், ஓனர் போய் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார், மில்காரர் நீங்கள் வேண்டுமானால் மூச்சை அடக்கித் தூக்குங்கள் என்றார், அதைத்தானே செய்கிறோம் என்று சிரித்துவிட்டு வந்தார். மூக்கு அரிக்கிறது. தொண்ணூறு கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு தும்மக் கூடாது, நாக்கை மேலண்ணத்தில் அழுத்து, போய்விடும், போகிறது, மூச்சு, மூன்று, கீழே. வொர்க்‌ஷாப்பில் லிஃப்டிங் ஷெட்டுக்கு ரயில் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து வரும். எட்டாவது படித்தவன் என்று என்னைப் பெட்டிக்கு அடியில் அனுப்புவார்கள், அளவு எடுக்க, பெட்டி முனையில் இடி தாங்குகிற பஃபரின் உயரம் இந்தப் பக்கம் இவ்வளவு, அந்தப் பக்கம் இவ்வளவு, எண்ணைச் சொன்னால் மேலே இருக்கிறவர் எழுதிக்கொள்வார். தாழ்ந்த பக்கத்து ஸ்பிரிங்கை மாற்றுவோம், மாற்றி அனுப்பினால் திரும்பவும் அதே சாய்வோடு வரும். ஒரு தடவை இரண்டு முறை மாற்றியும் நிற்காமல் பெட்டிக்குள் ஏறிப் பார்த்தால், அந்தப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கிறது, இந்தப் பக்கத்துத் தொட்டி ஓட்டை, காலி. ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது. சுமை மாறியிருந்தது. அது ஏன் இப்போது, கீழே இருக்கிறேன், எழ வேண்டும், எழு, வலது பக்கம் போகிறது, போகட்டும், தள்ளு, குதிகாலில் தள்ளு, மூணு என்கிறான் ஜோதி. குரலில் ஒரு தயக்கம். வெச்சிரு நைனா, போதும், மூணு நல்லா வந்துச்சு. தலையை அசைக்க முடியாது. நின்றுகொண்டே இருந்தால் அவனுக்குப் புரியும்.

சுமை மாறியிருந்தது. பாரில் எதுவும் மாறவில்லை, நூல் கட்டிப் பார்த்தோம். நான் தூக்குவது இந்தப் பார் மட்டுமா. இது எப்போது ஆரம்பித்தது என்று ஜோதியைக் கேட்டபோது யோசிக்காமலே சொன்னான், தெருவுல கூழ் ஊத்துன வாரத்துலேர்ந்துதான் நைனா, அதுக்கு முன்ன நூல் புடிச்ச மாதிரி போவ. கூழ் ஊற்றிய அன்று வேதவல்லியின் தங்கை தூக்கில் கூழ் கொண்டுவந்தாள், உள்ளே நுழையும்போது கட்டிலடியில் கால்மிதியில் தடுக்கினாள், கூழ் கொஞ்சம் சிந்தியது, என்ன மாமா இதை இப்படி மலைமாதிரி சுருட்டி வைத்திருக்கிறீர்கள் என்றாள். நான் சுருட்டவில்லை. வேதவல்லி இடது காலை ஊன்றி எழும்போது ஒரு திருகு திருகுவாள், கால்மிதி அவள் பாதத்துக்கு அடியில் சுருண்டு மேடாகிவிடும், ஒவ்வொரு தடவையும் அவளை நாற்காலியில் வைத்த பிறகு குனிந்து அதை இழுத்து, கட்டில் காலுக்கு நேராக, ஓரம் தரைக் கோட்டோடு பொருந்தும்படி வைப்பேன், வைத்தால்தான் எனக்கு அடுத்த வேலை ஓடும். அவளுக்கு அதில் ஒரு சிரிப்பு, நல்ல பக்கத்து உதடு மட்டும் மேலே போகும். அன்று தங்கை தடுக்கிய பிறகு நேராக்கி வைத்தேன். அப்புறம். அப்புறம் எப்போது நேராக்கினேன். நேற்று இல்லை. ஞாயிற்றுக்கிழமை, அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு எண்ணெய் எடுக்கப் போனேன், குனியவில்லை, கால்மிதி கோட்டோடு பொருந்தி இருந்தது. அதற்கு முந்தின வாரம். பிள்ளையார் சதுர்த்தி அன்று. குனிந்ததாக ஞாபகமே இல்லை. நான் சோம்பலாகிவிட்டேனா, இல்லை, சுருண்டிருந்தால் என்னால் அதைத் தாண்டிப் போக முடியாது. அது சுருளவில்லை. கூழ் ஊற்றிய நாளுக்குப் பிறகு அது சுருளவே இல்லை. மூச்சு. நான்கு. இறங்கு, இறங்கிக்கொண்டே யோசி, யோசிக்காதே, அவள் இடது கால் என் வலது பக்கம். எதிரெதிராக இருப்பதால் அவள் இடது எனக்கு வலது. அவள் ஊன்றிக்கொண்டிருந்த வரைக்கும் என் வலது பக்கத்தில் சுமை குறைவு, இப்போது அங்கே முழுதாக விழுகிறது, இடுப்பு அதை எனக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டு அதற்கு அடியில் போய் நிற்கிறது, காலையும் மாலையும் போய் நின்று பழகி, இங்கேயும் வந்து நிற்கிறது. முட்டியில் ஒன்றுமில்லை. கணுக்காலில் ஒன்றுமில்லை. தொடை நடுங்குகிறது, பார் ஆடுகிறது, மேலே, மேலே, நடுவில் நின்றுவிட்டது, நின்றுவிட்டு நகர்கிறது, ஜோதியின் கை இரண்டும் என் பனியனுக்கு ஒரு நூல் தள்ளி என் கூடவே வருகிறது, சூடு தெரிகிறது, படவில்லை. நாலு. நைனா, ஸ்டாண்டுல வை.

ஆனால் ‘ம்’ என்கிறாளே. நேற்றுக்கூடச் சொன்னாள், பழைய குரலில், பல்லைக் கடித்துக்கொண்டு காலை ஊன்றுகிறவள்போல. காலில் எதுவும் வரவில்லை, ‘ம்’ மட்டும் வந்தது. எனக்காகச் சொல்லியிருக்கிறாள். அந்தக் காலும் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் நான் என்ன செய்வேன் என்று அவளுக்குத் தெரியும், டாக்டரிடம் போவேன், தனசேகரிடம் சொல்வேன், யாராவது வருவார்கள், யார் கையாவது படும். அதனால் ஒவ்வொரு தடவையும் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ‘ம்’ என்று சொல்லிவிட்டு, நான் ஒருவனே தூக்கிக்கொண்டு எழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு நான் குனியாமல் போவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எத்தனை தடவை குனியாமல் போனேன் என்பதை அவள் எண்ணிக்கொண்டிருந்திருப்பாள், எனக்கு மேல் கணக்காக இருப்பாள். உங்க மேல தப்பில்ல. ஆறுதல் இல்லை அது, உள்ளதைச் சொன்னாள், சொல்லக் கூடிய அளவுக்குச் சொன்னாள், நான் எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு குதிகாலுக்குப் பலகை வெட்டிக்கொண்டு ஜிம்முக்கு வந்தேன். இப்போது வைத்துவிடலாம். ஸ்டாண்ட் எதிரில் இருக்கிறது, இரண்டு எட்டு. நான்கு நல்ல எண்ணிக்கைதான். இன்னும் ஒன்று வந்துவிட்டால் என்ன, வந்துவிட்டால் எதுவும் தெரியாதவனாகச் சாயங்காலம் போன் செய்யலாம், என் உடம்பு போதும், வேண்டாம் அந்தப் பெண் என்று சொல்லலாம், சொல்லிவிட்டு எத்தனை நாள், இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வரும், நாற்காலியின் கைப்பிடி இருக்கிற இடத்தில் தரை இருக்கும். வராவிட்டால். முட்டி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது, கேட்கட்டும். மூச்சு போதவில்லை, பெல்ட்டுக்குள் பாதிதான் நிரம்புகிறது, மிளகாய் நெடி கண்ணில் எரிகிறது, எதிர்ச்சுவரில் நான் பார்க்க வேண்டிய புள்ளி கரைந்து ஓடுகிறது. இறங்குகிறேன். இடுப்பு பின்னால். முட்டி வெளியே. தொடை சமமாக வந்தாயிற்று, இன்னும் ஒரு சாண், இதோ அந்த இடம், என் கழுத்தைச் சுற்றி ஒரு கை இருக்கிறது, முகம் கழுத்துக்குள் இருக்கிறது, ‘ம்’ என்கிறாள், வலது பக்கத்தில் நான் காத்திருக்கிறேன், எதுவும் ஊன்றவில்லை, எல்லாம் வந்து விழுகிறது, தள்ளுகிறேன், நகரவில்லை, தள்ளுகிறேன், பிளேட் ஒன்றோடொன்று இடித்துச் சின்னச் சத்தம் போடுகிறது, அவளைப் போட்டுவிடுவேன், போட்டுவிடுவேன் நான்.

“பிடி.”

கை வரவில்லை. ஜோதிக்குக் காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் நம்பவில்லை.

“இன்னா நைனா?”

“பிடிடா.”

இரண்டு கையும் அக்குளுக்கு அடியில் வந்து உட்கார்ந்தன, அவன் மார்பு என் முதுகில் பட்டது, இன்னொரு மனிதனின் சூடு, ரெக்ஸின் வாசனை, இருவரும் சேர்ந்து எழுந்தோம். எழுவது இவ்வளவு சுலபமா. இரண்டு எட்டு முன்னால் நடந்து பாரை ஸ்டாண்டில் வைத்ததும் பெஞ்சில் உட்கார்ந்தேன். பெல்ட்டைக் கழற்ற விரல் ஒத்துழைக்கவில்லை, ஜோதி குனிந்து கழற்றிவிட்டான், தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கையில் கொடுத்தான். என் முகத்தைப் பார்க்காமல் பிளேட்டுகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“அஞ்சு. ரெண்டு விரலுதான் நைனா வெச்சேன், மீதியெல்லாம் உன்னுது.”

“நாலு,” என்றேன்.

அவன் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக உருவி அடுக்க ஆரம்பித்தான், பெரியது அடியில், சிறியது மேலே, எனக்குப் பிடித்த மாதிரி. சுவருக்கு அந்தப் பக்கம் மில் நின்றுவிட்டது. சாயங்காலம் தனசேகருக்குப் போன் செய்து நாளைக்கு வரச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்னால் வேதவல்லியிடம் சொல்ல வேண்டும், என் முட்டி போய்விட்டது, என்னால் தனியாக முடியவில்லை, எனக்கு ஒரு ஆள் வேண்டியிருக்கிறது என்று சொல்ல வேண்டும், முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னால் நம்புவாள், அல்லது நம்புகிறவள்போல இருப்பாள். அந்தப் பெண்ணை அவளுக்கு இடது பக்கம் நிற்கச் சொல்ல வேண்டும், எனக்கு வலது. கையை வைத்துக்கொள்ளட்டும், ஆனால் வேதவல்லி ‘ம்’ என்று சொன்ன பிறகுதான் தூக்க வேண்டும், அதற்கு முன்னால் தூக்கக் கூடாது, அதைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். நாற்காலியில் வைத்த பிறகு நான் கால்மிதியைக் காலால் ஒரு திருகு திருகிச் சுருட்டிவிட்டு, குனிந்து இழுத்து, கட்டில் காலுக்கு நேராக, தரைக் கோட்டோடு பொருந்தும்படி வைக்க வேண்டும், அவள் பார்க்கும்படி.